நடிகரின் மடல் குப்பையன்று!

கூத்தாடி எழுதிய மடலைக் கொண்டுபோய் நாட்டு நூலகத்தில் வைப்பதா என்று கேட்போர் உளர். அவர் எழுத்தறியா மாந்தர் அல்லர். கற்றவர், கற்பிப்பவர், மேடையேறிப் பேசுபவர். பாவலன் எழுதிய மடல் என்றால் பொன்னேபோற் போற்றுவர். அரசியல் தலைவன் எழுதியது என்றால் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பர். நடிகன் எழுதியது என்றால் மட்டும் முகஞ்சுளிப்பர்.

இவர்க்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் உண்டு. நடிகன் கையொப்பமிட்ட ஒரு துண்டுத் தாளுக்காக அஃது ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளி ஓடும். கிடைத்த தாளைச் சட்டமிட்டு மாட்டும். விலை ஏறினால் விற்கும். அத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துப் பாராது. ஒரு கூட்டம் படியாமலே இகழ்கின்றது. மறு கூட்டம் படியாமலே வணங்குகின்றது. இவ்விரண்டு அறியாமைக்கும் நடுவில் அகப்பட்டு அழிவது மடல். மடலோடு சேர்ந்து அழிவது ஒரு காலத்தின் மெய்யான பேச்சு.

மடலைக் காத்த நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று அறிய விரும்புவோர், அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்சின் மடல்தொகுப்பைப் பார்க்கட்டும். 1967-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அச்சேறி வந்த நூல் அது. அவர் பிறர்க்கு எழுதிய மடல்களும், பிறர் அவர்க்கு எழுதிய மடல்களும் அதில் ஒருங்கே இடம்பெற்றன. நடிகர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய இசைவோடு வெளிவந்தது என்பதும் கருதத் தக்கது.

கிரௌச்சோ யார்? 1890-இல் நியூயார்க் நகரில், பிழைப்புத் தேடி வந்த எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அல்சாசு நிலத்திலிருந்து வந்த தையற்காரர். தாய் செருமானிய நாட்டின் வடபகுதியிலுள்ள தோர்னம் என்னும் சிற்றூரினர். பள்ளிப்படிப்பை இடையிலேயே விட்டு, 1905-இல் மேடையேறிய பையன் அவர். பிறகு உடன்பிறந்தாரோடு ஊரூராகச் சுற்றிப் பாடியும் ஆடியும் நகைப்பூட்டியும் வயிறு வளர்த்தார். 1920-களில் நியூயார்க்கின் பெருநாடக அரங்குகளுக்கு உயர்ந்து, 1929 முதல் திரைப்படங்களில் தோன்றினார். மையால் வரைந்த மீசை, வாயிற் சுருட்டு, முதுகு வளைந்த விரைநடை ஆகிய மூன்றும் அவருக்கு அடையாளமாயின. 1947-இல் வானொலியிலும், 1950 முதல் 1961 வரை தொலைக்காட்சியிலும் வினா விடை நிகழ்ச்சி நடத்தினார். 1977-இல் மறைந்தார்.

இத்தகைய ஒருவரிடம், 1960-களின் நடுவில், வாசிங்டன் நகரத்துக் காங்கிரசு நூலகம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. அவருடைய மடல்களையும் பிற தாள்களையும் தன் தொகுப்புக்குத் தந்துதவுமாறு நூலகத்தின் தலைவர் குவின்சி மம்போர்டு கேட்டார். அந்நூலகம் தெருமுனைப் படிப்பகம் அன்று. 1800-இல் நிறுவப்பெற்று, 1814-இல் ஆங்கிலேயப் படை இட்ட தீயில் வெந்து, மறு ஆண்டே தாமசு செபர்சனிடமிருந்து 6,487 நூல்களை விலைக்கு வாங்கி மீண்டும் எழுந்த நூலகம். நாட்டுத் தலைவர்களின் கையெழுத்துப் படிகளைக் காக்கும் இடம். அத்தகைய இடம், தொடக்கப் பள்ளியைக்கூட ஒழுங்காக முடிக்காத ஒரு கூத்தரின் வாயிலில் வந்து நின்றது. அதை எண்ணி அவரே வியந்தார், பெருமிதமும் கொண்டார். கேட்டதைக் கொடுத்தார். அவருடைய தாள்கள் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன.

நூலகம் ஏன் கேட்டது? நடிகரின் புகழுக்காகவா? அன்று. புகழுக்குத்தான் படச்சுருள் இருக்கிறதே! படச்சுருளில் இல்லாத ஒன்று மடலில் இருந்தது. அஃது அவருடைய சொந்தச் சொல்.

இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். திரையில் நடிகன் பேசும் உரை பெரும்பாலும் பிறன் எழுதியது. கிரௌச்சோவும் அதற்கு விலக்கல்லர். சார்சு காப்மன், மாரி ரிசுகிண்டு, பெரல்மன் முதலிய எழுத்தாளர்கள் அவருக்கு உரையாடல் எழுதினர். அவர் மேடையில் தாமாகச் சேர்த்த சொற்கள் பல உண்டெனினும், எது அவருடையது, எது எழுதிக் கொடுத்தவருடையது என்று இன்று பிரித்தல் எளிதன்று. உடை பிறன் தைத்தது. ஒளி பிறன் பாய்ச்சியது. பாட்டு பிறன் கட்டியது. ஆனால், இரவில் தனியே அமர்ந்து நண்பனுக்கு எழுதும் மடலில் ஒப்பனை செய்வார் இலர். உரை எடுத்துக் கொடுப்பாரும் இலர். அங்கே அந்த மாந்தனுக்கு மொழி உண்டா, அறிவு உண்டா, நெஞ்சு உண்டா என்பது நான்கு வரிகளில் வெளிப்பட்டுவிடும். நடிகனை அளக்கும் கோல் திரை என்றால், மாந்தனை அளக்கும் கோல் மடல்.

அக்கோலால் அளந்தபோது கிரௌச்சோ குறைவுபடவில்லை. பள்ளி தராத கல்வியை அவர் படித்துப் படித்துத் தாமே ஈட்டிக்கொண்டார். ஈ.பி. ஒயிட், சேம்சு தர்பர் போன்ற தேர்ந்த உரைநடையாளர்கள் அவரோடு மடல் தொடர்பு கொண்டிருந்தனர். குடியரசுத் தலைவராய் இருந்த ஆரி துருமனோடும் மடற்போக்குவரவு இருந்தது. அவர் கையாண்ட நடை எளிய நடை. பெரிய சொல்லைத் தேடி அலைந்த நடை அன்று. சின்னஞ்சிறு சொல்லைச் சரியான இடத்தில் வைத்து எதிரியைக் கவிழ்த்த நடை. பட்டம் பெற்றும் பத்து வரி பிழையின்றி எழுதமாட்டாதார் எந்நாட்டிலும் உளர். அவர்கள் இக்கூத்தரின் மடல்களைப் பார்த்து நாணுதல் தகும்.

அம்மடல்களுள் உலகறிந்தது ஒன்றுண்டு. 1942-இல் வார்னர் உடன்பிறப்பினர் நிறுவனம் 'காசாபிளாங்கா' என்னும் படத்தை எடுத்துப் பெரும்புகழ் ஈட்டியது. காசாபிளாங்கா என்பது வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டிலுள்ள ஒரு நகரம். சில ஆண்டுகள் கழித்து மார்க்சு உடன்பிறந்தார், காசாபிளாங்காவில் ஓர் இரவு என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுக்கலாயினர். 1946-இல் அது வெளிவந்தது. படம் உருவாகும்போது வார்னர் நிறுவனத்தின் சட்டத்துறையிலிருந்து உசாவல் வந்தது. கிரௌச்சோ விடை எழுதினார். ஒரு நகரின் பெயர் ஒரு நிறுவனத்துக்கு எப்படி உடைமையாகும் என்று கேட்டார். 'உடன்பிறப்பினர்' என்ற பெயரைத் தாமும் தம் உடன்பிறந்தாரும் வார்னர்க்கு முன்பே மேடையில் வழங்கியவர்கள். அவ்வாறாயின் அப்பெயர் மீது வார்னர்க்கு என்ன உரிமை என்றும் மடக்கினார். கதை யாது என்று நிறுவனம் கேட்டபோது, தலையும் காலும் இல்லாத ஒரு கதையை எழுதி விடுத்தார். மீண்டும் கேட்டபோது அதனினும் கேடுகெட்ட இன்னொரு கதையை விடுத்தார். அதன்பின் அந்நிறுவனம் வாய்திறக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகும் செய்தி அன்று இது. ஊர்ப்பெயர் ஊரார்க்கு உரியது. சொல் அதைப் பேசும் மக்களுக்கு உரியது. பணமூட்டை கையில் இருப்பதால் மட்டும் எவனும் அதற்கு வேலியிட முடியாது என்னும் பேருண்மையை, நூறு பக்கச் சட்ட உரையால் விளக்க இயலாத தெளிவோடு ஒரு நகைச்சுவை நடிகர் மடலில் எழுதினார். அம்மடல் கிழித்தெறியப்பட்டிருந்தால் யாருக்கு இழப்பு?

இங்கே எதிர்ப்பாளர் ஓர் ஐயம் எழுப்புவர். "அந்த வழக்காட்டில் மிகைப்படுத்தல் இருந்ததே! வார்னர் நிறுவனம் கதையை உசாவியதேயன்றி வழக்குத் தொடுக்கவில்லையே! படத்துக்கு விளம்பரம் தேடியன்றோ மார்க்சு உடன்பிறந்தார் அதனை ஊதிப் பெருக்கினர்? மடலிலும் நடிகன் நடிக்கத்தானே செய்கிறான்?" என்பர். உண்மைதான், மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதற்கு மருந்து மடலை எரிப்பதா, எதிர்மடலையும் சேர்த்துக் காப்பதா? ஒருபக்க மடல் மட்டும் இருந்தால் பொய் நிலைக்கும். இருபக்க மடலும் இருந்தால் படிப்பவன் தானே எடைபோட்டு முடிவு காண்பான். மிகை எது, மெய் எது என்று இன்று பிரித்துச் சொல்ல முடிகிறது என்றால், தாள்கள் காக்கப்பட்டதே அதற்குக் கரணியம்.

இன்னொரு மடற்றொடர் இதனினும் ஆழமானது. 'பாழ்நிலம்' பாடியவரும் 1948-இல் நோபல் பரிசு பெற்றவருமான ஆங்கிலப் பாவலர் டி.எசு. எலியட், 1961-இல் கிரௌச்சோவுக்குத் தாமே முதலில் மடல் எழுதி, அவருடைய ஒளிப்படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். நடிகர் ஒப்பனையில்லாத படத்தை விடுத்தார். மீசையும் சுருட்டும் உள்ள படமே வேண்டும் என்று பாவலர் மீண்டும் எழுதினார். படம் வந்தபின் அதனை ஏட்சு, வலேரி ஆகிய பெரும்பாவலர்களின் படங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். 1964-இல் இலண்டனில் எலியட்டின் வீட்டில் இருவரும் விருந்தில் சந்தித்தனர். அதற்கு முன்னணியமாகக் கிரௌச்சோ 'பாழ்நிலம்' பாட்டை மும்முறையும், எலியட்டின் நாடகம் ஒன்றை இருமுறையும் படித்து, போதாக்குறைக்குச் சேக்சுபியரின் இலியர் மன்னன் நாடகத்தையும் புரட்டிக்கொண்டு போனார். பாவலரோ பாட்டைப் பற்றிப் பேச விரும்பவில்லை. மார்க்சு உடன்பிறந்தாரின் பழைய படங்களைப் பற்றியே பேச விரும்பினார். நடிகரே மறந்துவிட்ட ஒரு காட்சியைப் பாவலர் நினைவில் வைத்திருந்தார்! இவ்வளவும் தெரிவது எதனால்? மறுநாள் கிரௌச்சோ தம் உடன்பிறந்தார் கம்மோவுக்கு எழுதிய ஒரு மடலால். அடுத்த ஆண்டு, 1965 சனவரியில், எலியட் மறைந்தார்.

பாவலன் மேலானவன், கூத்தன் கீழானவன் என்று தட்டு வைத்துப் பார்க்கும் புலமைச் செருக்கர் இம்மடலைப் படிக்கட்டும். மேலும் ஒன்றையும் எண்ணட்டும். எலியட்டின் தொடக்கக்காலப் பாக்கள் சிலவற்றில் யூதரை இழிக்கும் வரிகள் உண்டு என்பது உலகறிந்தது. கிரௌச்சோ யூதர். இழித்தவரின் விருந்து மேடையில், இழிக்கப்பட்ட இனத்தவர் விருந்தினராய் அமர்ந்தார். இருவர் மடல்களிலும் காணும் மட்டுமீறிய நட்புரைக்கும் நகையாட்டுக்கும் அடியில் என்ன இருந்தது என்று இன்றும் அறிஞர் ஆராய்கின்றனர். ஒரு நூற்றாண்டின் இனப்பகையும், அதனைக் கடக்க முயன்ற இரு முதியவரின் தயக்கமும் சில தாள்களில் உறைந்து கிடக்கின்றன. எந்த வரலாற்று நூல் இதனை இவ்வளவு அருகில் வைத்துக் காட்டும்?

"தனியார் மடலை ஊரார் படிப்பது அறமா?" என்பது அடுத்த தடை. இது வெறுந்தடை அன்று. மதிக்கத் தக்க கேள்வி. மர்லின் மன்றோ 1962-இல் மறைந்தார். அவருடைய குறிப்புகளும் மடல்களும் 2010-இல் நூலாயின. மருத்துவமனையில் அடைபட்டிருந்த துயரத்தை அவர் தம் மருத்துவர்க்கு எழுதிய மடலும் அவற்றுள் ஒன்று. நோயுற்ற ஒரு பெண்ணின் கதறலை அவருடைய இசைவைக் கேட்கவியலாத காலத்தில் அச்சேற்றிக் கடையில் வைப்பது நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தாதவன் நெஞ்சு நெஞ்சன்று.

ஆயினும் காத்தல் வேறு, வெளியிடல் வேறு. இவ்விரண்டையும் குழப்புவதனால்தான் பேதைமை பிறக்கிறது. மடலின் தாள் பெற்றவனுக்கு உரியது. மடலின் சொல் எழுதியவனுக்கு உரியது. 1741-இல் பாவலர் அலெக்சாண்டர் போப் தொடுத்த வழக்கில் ஆங்கிலேய நடுவர் கண்ட முடிவு இது. போப்பின் மடல்களை அவர் இசைவின்றி அச்சிட்டு விற்ற கர்ல் என்னும் நூல்வணிகன் தடுக்கப்பட்டான். அமெரிக்கப் புனைகதையாசிரியர் சாலிஞ்சரின் மடல்கள் பல்கலைக்கழக நூலகங்களில் காக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தம் நூலில் எடுத்தாள முயன்ற வரலாற்றாசிரியரை 1987-இல் வழக்குமன்றம் தடுத்தது. மடல்கள் அழியவில்லை, எழுதியவர் உரிமையும் அழியவில்லை. பூட்டிவைக்க வேண்டிய மடலைப் பூட்டிவைப்பதற்கும் நூலகத்துக்குத் தெரியும். இத்தனை ஆண்டு யாரும் திறக்கலாகாது என்று கட்டுறுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதும் உலக வழக்கே. அடுப்பில் இட்டதற்கு மட்டும் மீட்பில்லை.

மடலுக்கு உண்மையான பகை நூலகமன்று, ஏலக்கூடம். புகழ்பெற்ற நடிகர்களின் மடல்கள் ஏலக்கூடங்களில் தாள் தாளாகப் பிரித்து விற்கப்படுகின்றன. ஒருவர் இருபது ஆண்டு ஒரே நண்பருக்கு எழுதிய மடல்களை எண்ணிப் பாருங்கள். வரிசையாய் இருந்தால் அஃது ஒரு வாழ்க்கை. இருபது பேர் ஆளுக்கொன்றாய் வாங்கிப் போனால் அவை இருபது கையொப்பங்கள். உடலைத் துண்டுதுண்டாக வெட்டி விற்றுவிட்டு உயிரைத் தேடுவதுண்டா? காங்கிரசு நூலகம் கிரௌச்சோவிடம் கேட்டது தொகுப்பை. ஒரு கையொப்பத்தை அன்று. அங்கேதான் அறிவுடைமை நிற்கிறது.

மடலைத் தொகுப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒருவன் எழுதிய மடல் அவன் வீட்டில் இராது. பெற்றவன் வீட்டிலே இருக்கும். அவன் வீட்டில் இருப்பவை அவனுக்கு வந்தவை மட்டுமே. ஆகலின் ஒரு நடிகரின் மடல்களைத் தொகுக்க விரும்புவோன் நண்பர் வீடு, உறவினர் வீடு, படமுதலாளி வீடு, ஒப்பனையாளர் வீடு என்று நூறு கதவைத் தட்ட வேண்டும். ஒரு தலைமுறை காலந்தாழ்த்தினால், பாட்டனார் மறைவுக்குப்பின் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் பெட்டியோடு எடைக்குப் போய்விடும். கிரௌச்சோ தம் மகள் மிரியத்துக்கு எழுதிய மடல்கள் 1967-ஆம் ஆண்டு நூலால் அன்றி, மகள் அவற்றைக் காத்து வைத்திருந்ததனாலேயே, 1992-இல் தனி நூலாக வெளிவந்தன. உலகைச் சிரிக்கவைத்தவர் தந்தையாய் எப்படி இருந்தார் என்பதை அந்த மகளின் பெட்டிதான் காத்துக் கொடுத்தது.

தமிழ்நாடு இதில் நினைவுகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. திரையில் தோன்றியவர் ஆட்சியிருக்கையில் அமர்ந்த நாடு இது. ம.கோ. இராமச்சந்திரனார் 1977-இல் முதலமைச்சரானார், 1987-இல் மறையும்போதும் முதலமைச்சராய் விளங்கினார். இத்தகைய மண்ணில் நடிகரின் மடல் வெறும் கலைச்செய்தி மட்டுமன்று. அரசியல் வரலாற்றின் முதற்சான்று. நடிகர்க்குச் சிலை எழுப்பவும் கட்-அவுட் நிறுத்திப் பால் ஊற்றவும் இங்கே கைகள் பல்லாயிரம் உண்டு. அக்கைகளுள் பத்துக் கைகள் பழம்பெட்டியைத் திறந்து மடலைத் தேடினால் போதும். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதர், தமக்கு வந்த மடல்களையும் கட்டிக் காத்தார். அதனால் அக்காலப் புலவரின் உள்ளம் இக்காலத்துக்குத் தெரிகிறது. சுவடியைக் காத்த மண்ணுக்கு மடலைக் காப்பது புதுத்தொழிலன்று.

காலமும் இனி நீளாது. இன்றைய நடிகர் மடல் எழுதுவதில்லை. கைப்பேசியில் இரண்டு சொல் தட்டுகிறார். அதையும் அவருக்காக உதவியாளர் தட்டுவதுண்டு. கருவி மாறினால் அச்சொல்லும் போயிற்று. தாளில் தம் கையால் எழுதிய தலைமுறை மறைந்துகொண்டே இருக்கிறது. அத்தலைமுறையின் மடல்களே கடைசி மடல்கள்.

எனவே, நாடக மேடையிலோ திரையிலோ பணியாற்றியவரின் மடல் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அதனை வரிசை கலையாமல் வைக்கட்டும். உறையைத் தூக்கி எறியாதிருக்கட்டும். அஞ்சல் முத்திரையின் நாளே பல மடல்களுக்குக் காலச் சான்று. பசை தடவி ஒட்டாமலும், ஞெகிழித் தாளுக்குள் வைத்து உருக்கி அடைக்காமலும், கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பிய இடத்தில் வைக்கட்டும். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்நாளில் எழுதியது என்று தனித்தாளில் குறிக்கட்டும். பின்னர் ஒரு பொது நூலகத்திடம் மொத்தமாய் ஒப்படைக்கட்டும். மறைவாய் இருக்க வேண்டியது மறைவாகவே இருக்கட்டும்.

கூத்தாடியின் மடல்தானே என்று இகழ்பவர் இகழட்டும். கூத்தாடியின் வாயிலில் சென்று கேட்ட நூலகத்திடம் கிரௌச்சோ இருக்கிறார். இகழ்ந்தவர் கையில் இருப்பது வெறுஞ்சாம்பல்!